வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? ஜூலியா முதல் ஹெனான் வரை ஒரு கணக்குக் கதை

போன தடவை எழுதியது கொஞ்சம் லேசான விஷயம். இந்தத் தடவை கணக்கு. உடனே ஓடிவிடாதீர்கள், பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். பதிவு கொஞ்சம் நீளம்தான், அதற்கு மட்டும் முன்கூட்டியே மன்னிப்பு.

பத்தாம் வகுப்பில் சார்புகளின் சேர்ப்பு என்று ஒரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு எண்ணை முதலில் ஒரு சார்புக்குள் போடு, வருகிற விடையை இன்னொரு சார்புக்குள் போடு. 'வர்க்கப்படுத்து' என்று ஒன்று, '1 கூட்டு' என்று இன்னொன்று. 3ஐ வர்க்கப்படுத்தி 1 கூட்டினால் 10. முதலில் 1 கூட்டிவிட்டு வர்க்கப்படுத்தினால் 16. ஆகவே பரிமாற்றுப் பண்பு கிடையாது, அடுத்த பாடம் என்று போய்விடுவார்கள்.

ஆனால் அந்த இடத்திலேயே நின்றுகொண்டு, "சரி சார், எப்போதெல்லாம் வரிசையை மாற்றினாலும் விடை மாறாது?" என்று கேட்டால்? அதற்குப் பதில் சொல்லத்தான் சுமார் எண்பது வருடம் ஆனது. அதற்குள் ஒரு உலகப் போர், ஒரு உறைபோட்டு ஒட்டிய கடிதச் சண்டை, இரண்டு வானியல்காரர்கள் எல்லாம் வந்து போகிறார்கள்.

ஒரு வார்த்தையை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்வோம். வரிசை மாறினாலும் விடை மாறாத இரண்டு சார்புகளை 'பரிமாறும் சார்புகள்' என்று சொல்லலாம்தான். ஆனால் படிக்கும்போதெல்லாம் இலையும் சாம்பாரும் ஞாபகம் வருகிறது. அதனால் நான் 'கூட்டாளிகள்' என்றே எழுதப் போகிறேன்.

கூட்டாளியாக இருப்பது சாதாரண விஷயம் இல்லை. 'அ' என்று ஒரு சார்பு, 'ஆ' என்று ஒரு சார்பு, இரண்டும் கூட்டாளிகள் என்று வையுங்கள். 'அ'வுக்குள் போட்டால் அப்படியே திரும்பி வருகிற ஓர் எண்ணை எடுங்கள் (இதற்கு நிலைப்புள்ளி என்று பெயர்). அதை 'ஆ'வுக்குள் போடுங்கள். வரும் விடையை 'அ'வுக்குள் போட்டால் என்ன வரும்? வரிசையை மாற்றலாம் என்பதால் முதலில் 'அ', அப்புறம் 'ஆ' என்று செய்ததாகவே வைத்துக்கொள்ளலாம். முதல் வேலை எதையும் மாற்றாது. ஆக மொத்தம் அதே விடைதான். அதாவது 'ஆ' கொடுத்த விடையும் 'அ'வின் ஒரு நிலைப்புள்ளி!

இரண்டே வரியில் நிரூபணம் முடிந்துவிட்டது, ஆனால் சொல்வது பெரிய விஷயம். 'அ'வின் நிலைப்புள்ளிகளை 'ஆ' தங்களுக்குள்ளேயே இடம் மாற்றி வைக்கிறது. வெளியே விடுவதில்லை. இரண்டு படி கழித்துத் திரும்பி வரும் புள்ளிகள், மூன்று படி கழித்துத் திரும்பி வரும் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 'அ'வின் வீட்டு ரகசியம் அத்தனையும் 'ஆ'வுக்குத் தெரிந்திருக்கிறது. இப்படி ஒரு கூட்டாளி அமைவது ஏன் அபூர்வம் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

அப்படியும் சில ஜோடிகள் சுலபமாகக் கிடைக்கும். வர்க்கமும் கனமும் கூட்டாளிகள்; எதை முதலில் செய்தாலும் ஆறாம் அடுக்கு. எந்தச் சார்பும் தன்னையே இரண்டு தடவை, மூன்று தடவை செய்த சார்போடு கூட்டாளி. (இது ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறது, ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதுதான் கதாநாயகன்.) மூன்றாவது வகை கொஞ்சம் அழகானது. பிளஸ் ஒன் திரிகோணமிதியில் கொசைனுக்கு இரட்டைக் கோண வாய்பாடு, மும்மடங்குக் கோண வாய்பாடு படிப்போம். முதலாவது: எண்ணின் வர்க்கத்தை இரட்டித்து 1 கழி. இரண்டாவது: கனத்தை 4 ஆல் பெருக்கி, எண்ணின் மூன்று மடங்கைக் கழி. 2ஐப் போட்டுப் பாருங்கள். முதல் வாய்பாடு 7 தரும். 7ஐ இரண்டாவதில் போட்டால் 1351. இப்போது தலைகீழாக: இரண்டாவதில் 2 போட்டால் 26, 26ஐ முதலாவதில் போட்டால் மறுபடியும் 1351. காரணம் சிம்பிள். கோணத்தை இரண்டால் பெருக்கி மூன்றால் பெருக்கினாலும், மூன்றால் பெருக்கி இரண்டால் பெருக்கினாலும் ஆறு மடங்குதானே. இவற்றுக்கு செபிஷெவ் பல்லுறுப்புக்கோவைகள் என்று பெயர், ரஷ்யக் கணித மேதை செபிஷெவ் நினைவாக. (சும்மா ஒரு தகவல்: மூன்றின் வர்க்கமூலத்துக்கு ஆர்க்கிமிடிஸ் கொடுத்த மேல் எல்லை 1351/780. அதே 1351தான், தற்செயல் இல்லை. ஆனால் அதை எழுத ஆரம்பித்தால் அது தனிப் பதிவு ஆகிவிடும்.)

இந்த மூன்று வகையைத் தவிர வேறு உண்டா? இங்கேதான் பிரான்ஸ் வருகிறது.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915ல் பாரீஸ் அறிவியல் அகாடமி ஒரு போட்டி அறிவித்தது. ஒரே சார்பைத் திரும்பத் திரும்பச் செலுத்திக்கொண்டே போனால் கடைசியில் என்ன ஆகிறது என்பதுதான் தலைப்பு. பரிசு 1918ல். அதே 1915 ஜனவரி 25ந் தேதி, கஸ்தோன் ஜூலியா என்ற 21 வயது ராணுவ வீரர் போர்முனையில் முகத்தில் குண்டடி பட்டார். மூக்கு போய்விட்டது. பல அறுவை சிகிச்சைகள் செய்தும் சரியாகவில்லை. வாழ்நாள் முழுக்க முகத்தின் நடுவில் ஒரு தோல்பட்டை கட்டிக்கொண்டுதான் நடமாடினார். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடியே அந்தப் போட்டிக்கான கணக்கைப் போட்டார் மனிதர்.

அதே கணக்கை இன்னொருவரும் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார். பியேர் ஃபாத்து. 1878ல் பிறந்தவர், உடல்நலம் குன்றியவர், பாரீஸ் வானியல் ஆய்வுக்கூடத்தில் வேலை. 1906லேயே இந்த விஷயத்தில் ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தார், அதாவது போட்டி அறிவிப்புக்கு ஒன்பது வருடம் முன்பே. 1917 டிசம்பரில் அவர் தன் முடிவுகளை அகாடமியின் இதழில் வெளியிட்டார். உடனே ஜூலியா ஒரு கடிதம் எழுதினார்: இதெல்லாம் நான் முன்பே கண்டுபிடித்தது, உறையில் போட்டு ஒட்டி உங்களிடமே ஒப்படைத்திருக்கிறேன், திறந்து பாருங்கள் என்று. திறந்தார்கள். ழார்ஜ் ஊம்பேர் என்ற கணித அறிஞர் சரிபார்த்து, ஜூலியா சொல்வது சரி என்றார். ஃபாத்து போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை. பரிசு ஜூலியாவுக்கு.

யார் பக்கம் நியாயம்? என்னைக் கேட்டால், போரில் முகத்தைப் பறிகொடுத்த ஒரு இளைஞனுக்கு எதிராக 1918ல் பிரான்சில் யாரும் நின்றிருக்க முடியாது. ஃபாத்து அதைப் புரிந்துகொண்டு ஒதுங்கினாரோ என்று தோன்றுகிறது. வரலாறு கடைசியில் இருவருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டது. ஒரு சார்பின் கீழ் அமைதியாக இருக்கும் புள்ளிகளின் கூட்டத்துக்கு ஃபாத்து கணம் என்றும், தாறுமாறாக ஆடும் புள்ளிகளின் கூட்டத்துக்கு ஜூலியா கணம் என்றும் பெயர். பெயர் வைத்தவர்களுக்குக் குறும்பு ஜாஸ்தி.

இந்தச் சண்டை எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்கடுத்த ரவுண்டு அவ்வளவாகத் தெரியாது. 1922ல் ஜூலியா, 1923ல் ஃபாத்து, இருவரும் மறுபடியும் ஒரே கேள்வியைப் பிடித்தார்கள். நம்முடைய கூட்டாளிக் கேள்வி! இருவருக்கும் ஒரே ஆயுதம்தான்: கூட்டாளிகளுக்கு ஜூலியா கணம் ஒன்றாகவே இருக்கும். மேலே பார்த்த நிலைப்புள்ளி வாதத்தின் பெரிய அண்ணன் இது. இவர்கள் போதாதென்று அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஃபெல்ஸ் ரிட் என்பவர் 1923ல் முற்றிலும் வேறு வழியில் போய் முழு விடையையும் கண்டுபிடித்துவிட்டார். ஜூலியாவும் ஃபாத்துவும் சில சந்தர்ப்பங்களை விட்டுவிட வேண்டியிருந்தது; ரிட் விடவில்லை. ஆனால் அவர் நிரூபணத்தில் திரும்பத் திரும்பச் செலுத்தும் வித்தையே கிடையாது. அந்த வித்தையை வைத்தே ரிட்டின் தேற்றத்தை நிரூபிக்க 1989ல் எரெமென்கோ வரவேண்டியிருந்தது.

பல்லுறுப்புக்கோவைகளுக்கு விடை இதுதான். இரண்டு பல்லுறுப்புக்கோவைகள் கூட்டாளிகளாக இருந்தால், ஒன்று, அவை அடுக்குகள். அல்லது செபிஷெவ் வகை. இரண்டும் இல்லை என்றால் ஒரே சார்பைச் சில தடவை செய்து உண்டானவை (சின்னச் சின்னச் சுழற்சிகளை மன்னித்துவிட்டால்). நான்காவது வகை கிடையாது. உதாரணமாக, 'வர்க்கப்படுத்தி 1 கூட்டு' என்ற சார்பை எடுங்கள். தன்னையே திரும்பத் திரும்பச் செய்த சார்புகளைத் தவிர அதற்கு உருப்படியான கூட்டாளி பல்லுறுப்புக்கோவைகளில் ஒன்றுகூடக் கிடையாது. மூன்றாம் படியில் தேடினாலும் இல்லை, ஐந்தாம் படியில் தேடினாலும் இல்லை.

செபிஷெவ் வகையும் அடுக்கு வகையும் மட்டும் ஏன் தப்பித்தன? அவற்றுக்கு அடியில் 'கோணத்தைப் பெருக்கு' என்கிற எளிமையான வேலை ஒளிந்திருக்கிறது. மேலே பார்த்தால் தாறுமாறு, உள்ளே பார்த்தால் வாய்ப்பாடு. கூட்டாளி இருந்தால் உள்ளே ஏதோ ஒழுங்கு ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த வரியை விடாதீர்கள், இதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு மாறிகளுக்குப் போகப்போகிறோம்.

அதற்கு நாற்பது வருடம் தாண்டி, இன்னொரு பிரெஞ்சு வானியல்காரரிடம் போகவேண்டும். மிஷேல் ஹெனான். 1964ல் பிரின்ஸ்டனில் கார்ல் ஹைல்ஸ் என்ற மாணவரோடு சேர்ந்து அவர் ஒரு கேள்வி கேட்டார். நம் பால்வீதி போன்ற ஒரு மண்டலத்துக்குள் சுற்றும் நட்சத்திரத்துக்கு ஆற்றல் மாறாது, கோண உந்தம் மாறாது. மூன்றாவதாக மாறாத அளவு ஏதாவது இருக்கிறதா?

இதற்கும் நம் கூட்டாளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சூரியனைச் சுற்றும் ஒரு கோளை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனை மையமாக வைத்து எல்லாவற்றையும் 30 டிகிரி திருப்பிவிட்டு ஒரு மாதம் ஓடவிட்டாலும், ஒரு மாதம் ஓடவிட்டு 30 டிகிரி திருப்பினாலும் கோள் ஒரே இடத்துக்குத்தான் வரும். 'திருப்புவது' என்ற வேலையும் 'ஓடவிடுவது' என்ற வேலையும் கூட்டாளிகள். அந்தக் கூட்டாளியால் கிடைக்கும் மாறாத அளவுதான் கோண உந்தம். இந்த மாதிரி இயக்கங்களில், மாறாத அளவு ஒவ்வொன்றும் ஒரு கூட்டாளியைக் கொண்டுவரும். ஆகவே மூன்றாவது அளவைத் தேடுவதும் நட்சத்திரத்தின் ஓட்டத்துக்கு இன்னொரு கூட்டாளியைத் தேடுவதும் ஒன்றுதான்.

ஹெனானும் ஹைல்ஸும் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். அவர்கள் வைத்துக்கொண்ட எளிமையான மாதிரியில் ஆற்றல் 1/12 என்று இருக்கும்போது புள்ளிகள் அழகான வளைகோடுகளில் விழுந்தன. ஒளிந்திருக்கும் அளவு ஒன்று இருப்பது மாதிரியே. 1/8 ஆக்கியதும் நடுவில் கொஞ்சம் வளைகோடு, சுற்றிலும் சிதறல். 1/6ல் கிட்டத்தட்ட எல்லாமே சிதறல். கூட்டாளி காணாமல் போய்விட்டார்!

நட்சத்திரத்தின் ஓட்டத்தைக் கணக்கிடுவது நேரம் பிடிக்கும் வேலை. அதனால் ஹெனான் அதைச் சுருக்கிக்கொண்டே வந்தார். 1969ல் தளத்தை வளைத்து மடிக்கும் ஓர் இருபடி உருமாற்றத்தை ஆராய்ந்தார். 1976ல், நீஸ் வானியல் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, 9 பக்கத்தில் ஒரு கட்டுரை. அதில் வருவதுதான் இன்று ஹெனான் உருமாற்றம் என்று உலகம் முழுக்கத் தெரிந்த சமாசாரம். எக்ஸ், ஒய் என்று இரண்டு எண்கள். புது எக்ஸ் வேண்டுமா? 1லிருந்து எக்ஸின் வர்க்கத்தை 1.4 ஆல் பெருக்கிக் கழி, ஒய்யைக் கூட்டு. புது ஒய்? பழைய எக்ஸை 0.3 ஆல் பெருக்கு. அவ்வளவுதான். 0, 0 என்று ஆரம்பித்தால் அடுத்தது 1, 0. அப்புறம் -0.4, 0.3. அப்புறம் 1.076, -0.12. கால்குலேட்டரில் நீங்களே தட்டலாம். சில ஆயிரம் புள்ளிகளை வரைந்தால் லாடம் மாதிரி ஒரு உருவம் வரும், அதன் கோட்டைப் பெரிதாக்கினால் உள்ளே பல கோடுகள், அதைப் பெரிதாக்கினால் இன்னும் பல. 'விநோதக் கவர்ப்பான்' என்று இதைத்தான் சொல்கிறார்கள். படம் கணினியில் வந்துவிட்டது. அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்க முடியும் என்று, 0.3க்குப் பதில் மிகச் சிறிய எண் வைத்த உருமாற்றங்களுக்கு, பெனடிக்ஸும் கார்லசனும் நிரூபித்தது 1991ல்.

இந்த உருமாற்றத்தில் இன்னொரு விசேஷம். இதைப் பின்னோக்கியும் ஓட்டலாம். புது ஒய்யை 0.3 ஆல் வகுத்தால் பழைய எக்ஸ். அதைத் தெரிந்துகொண்டால் பழைய ஒய் தானாக வரும். போகும் வழியும் பல்லுறுப்புக்கோவை, திரும்பும் வழியும் பல்லுறுப்புக்கோவை. இப்படிப்பட்டவற்றைத்தான் பல்லுறுப்புக்கோவை ஆட்டோமார்ஃபிசம் என்கிறார்கள். ஒரே மாறியில் இந்தக் குணம் உள்ளவை 'பெருக்கிக் கூட்டு' வகை மட்டும்தான், அதில் சுவாரசியம் எதுவும் இல்லை. இரண்டு மாறி வந்ததும் கதவு திறந்துகொள்கிறது. எக்ஸை அப்படியே விட்டுவிட்டு, ஒய்யோடு எக்ஸில் உள்ள எந்தப் பல்லுறுப்புக்கோவையை வேண்டுமானாலும் கூட்டலாம். திரும்பி வர அதையே கழித்தால் போதும். சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளிச் சரிப்பது மாதிரி. இதைச் 'சரிப்பு' என்போம்.

இப்போது கேள்வி: ஹெனான் உருமாற்றத்துக்குக் கூட்டாளி உண்டா? அதன் தாறுமாறுக்கு அடியில் செபிஷெவ் மாதிரி ஏதாவது ஒழுங்கு ஒளிந்திருக்கிறதா?

விடைக்கான முதல் சாவி, கேள்வி பிறப்பதற்கு முன்பே செய்து வைக்கப்பட்டிருந்தது. 1942ல், இரண்டாம் உலகப் போர் நடுவில், ஜெர்மனியில் ஹைன்ரிஷ் யுங் ஒரு தேற்றம் வெளியிட்டார். (ஒரு புள்ளிக் கூட்டத்தை அடைக்க எவ்வளவு பெரிய வட்டம் போதும் என்ற யுங் தேற்றமும் இவருடையதுதான், அது நாற்பது வருடம் முந்தையது.) இரண்டு மாறிகளில் ஆட்டோமார்ஃபிசம் எதை எடுத்தாலும், அதை நேரியல் வகை, சரிப்பு வகை என்ற இரண்டே எழுத்துகளை மாற்றி மாற்றிக் கோத்து எழுதிவிடலாம் என்பதுதான் அது. 1953ல் வான் டெர் குல்க் இதை எல்லா வகை எண்களுக்கும் நீட்டித்தார். அதோடு, அப்படி எழுதுவது கிட்டத்தட்ட ஒரே விதமாகத்தான் முடியும் என்பதும் தெளிவானது.

இது ஏன் பெரிய விஷயம்? தமிழிலேயே சொல்கிறேன். 'கல' என்ற சொல்லையும் 'கலகல' என்ற சொல்லையும் எடுங்கள். எதை முன்னால் வைத்து ஒட்டினாலும் 'கலகலகல'. இப்போது 'கல', 'பட'. முன்பின் மாற்றினால் 'கலபட', 'படகல'. வேறு வேறு. எழுத்துகளைக் கோத்து எழுதும் உலகத்தில் இரண்டு சொற்கள் கூட்டாளிகளாக இருக்க ஒரே வழிதான்: இரண்டும் ஒரே சின்னச் சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவையாக இருக்கவேண்டும். இரட்டைக்கிளவி விதி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! யுங்கின் தேற்றம் ஆட்டோமார்ஃபிசங்களைக் கிட்டத்தட்ட இப்படிப்பட்ட சொற்களாக மாற்றிவிடுகிறது. 'கிட்டத்தட்ட' என்பதில்தான் வேலை இருக்கிறது, ஏனென்றால் சில உருமாற்றங்கள் இரண்டு எழுத்துவகையிலும் சேரும். 1970களில் செர் வளர்த்த 'மரங்களின் மேல் குலங்கள்' என்ற கருவி அதைச் சமாளிக்க உதவியது. 1979ல் டேவிட் ரைட் பரிமாற்றுப் பண்புள்ள உட்குலங்களை இந்த வழியில் ஆராய்ந்தார்.

1989ல் ஃப்ரீட்லாண்டும் மில்னரும் இந்த அல்ஜீப்ராவையும் ஹெனானின் கணினிப் படத்தையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். கலப்பெண் தளத்தில் (இரண்டு மாறியும் கலப்பெண்) ஆட்டோமார்ஃபிசம் எதுவானாலும், ஆயத்தை மாற்றிப் பார்த்தால் இரண்டில் ஒன்று. சரிப்பு மாதிரியான சாது வகை. இல்லையென்றால் பொதுமைப்படுத்திய ஹெனான் உருமாற்றங்களைக் கோத்தது. இடையில் ஒன்றும் கிடையாது. யோசித்துப் பாருங்கள், வானியல்காரர் ஒருவர் நட்சத்திரக் கணக்கைச் சுருக்கப் போய்க் கையில் எடுத்த ஒரு உதாரணம், கடைசியில் பார்த்தால் உதாரணமே இல்லை, சுவாரசியமானவை மொத்தமே அந்தக் குடும்பம்தான்! எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சாது வகைக்குக் கூட்டாளிகள் ஏராளம். சரிப்புகள் எல்லாம் ஒன்றுக்கொன்று கூட்டாளிகள், ஏனென்றால் எதை முதலில் கூட்டினாலும் கூட்டுத்தொகை ஒன்றுதானே. ஆனால் அங்கே தாறுமாறும் கிடையாது. ஹெனான் வகையில் ஒவ்வொரு தடவை செலுத்தும்போதும் படி பெருகுகிறது: 2, 4, 8, 16... 1992ல் வெசெலோவ் எழுதிய கட்டுரை ஒன்றின் மையமே இதுதான்: படி வேகமாகப் பெருகும் இடத்தில் ஒழுங்கை எதிர்பார்க்காதே.

கடைசி விடையை இரண்டு பேர் இரண்டு வழியில் எழுதினார்கள். 2001ல் ஸ்தெஃபான் லாமி, மரங்களை வைத்து. 2004ல் சின்ட்சியா பீசி, முடிவிலியை வைத்து. இரண்டாவது வழியைக் கொஞ்சம் சொல்லிப் பார்க்கிறேன். தளத்தின் விளிம்பில், அடிவானம் மாதிரி, ஒவ்வொரு திசைக்கும் ஒரு புள்ளி வைத்து ஒரு கோடு சேர்த்துக்கொள்வோம். ஹெனான் உருமாற்றத்தில் எக்ஸின் வர்க்கம்தான் ராட்சசன். எக்ஸ் பெரிதானால் மற்ற எல்லாம் அதன் முன் தூசு. அதனால் செங்குத்துத் திசை ஒன்றைத் தவிர அடிவானத்தின் மற்ற எல்லாத் திசைகளும் கிடைத்திசை என்ற ஒரே புள்ளியில் போய் விழுகின்றன. பின்னோக்கி ஓட்டினால் இதற்கு நேர் எதிர்: கிடைத்திசையைத் தவிர மற்ற எல்லாம் செங்குத்தில் விழும். ஆக அடிவானத்தில் இரண்டு விசேஷப் புள்ளிகள். கூட்டாளி என்று வருகிற எவரும் இந்த இரண்டு புள்ளிகளுக்கும் மரியாதை செய்தே ஆகவேண்டும்.

அதோடு நம் பழைய நிலைப்புள்ளி வாதம் இங்கேயும் செல்லும். ஹெனானின் கீழ் முடிவிலிக்கு ஓடாமல் பக்கத்திலேயே சுற்றும் ஒரு புள்ளியைக் கூட்டாளிக்குள் போட்டால், வருகிற புள்ளியும் ஓடாது. ஓடுகிற புள்ளிகளுக்கோ 'எவ்வளவு வேகமாக ஓடுகிறது' என்று ஓர் அளவு உண்டு. ஹெனானை ஒருமுறை செலுத்தினால் அந்த அளவு சரியாக இரண்டு மடங்காகும். கூட்டாளியும் அந்த அளவை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கத்தான் முடியும், அந்த எண்ணும் இஷ்டத்துக்கு வரமுடியாது. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் கிடைப்பது: ஹெனான் வகை உருமாற்றத்துக்கு ஒரு கூட்டாளி இருந்தால், ஒன்று, அந்தக் கூட்டாளியைச் சில தடவையும் ஹெனானைச் சில தடவையும் (முன்னோக்கியோ பின்னோக்கியோ) செலுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும்; அல்லது கூட்டாளி சில தடவையில் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும் வெறும் பிரதிபலிப்பு, சுழற்சி வகை. இரண்டாவதற்கு உதாரணம் வேண்டுமென்றால், வர்க்கத்துக்குப் பதில் கனத்தைப் போட்டு, அந்த 1ஐயும் எடுத்துவிட்ட ஹெனான். அதற்கு 'இரண்டு எண்களின் குறியையும் மாற்று' என்பது கூட்டாளி.

அதாவது ஒரு மாறியில் தப்பித்த செபிஷெவ் மாதிரி ஆசாமி இங்கே ஒருவர்கூட இல்லை. ஹெனானின் தாறுமாறுக்கு அடியில் ஒளிந்திருக்கும் வாய்ப்பாடு எதுவும் பல்லுறுப்புக்கோவைகளின் உலகத்தில் கிடையாது. 1964ல் அவர் கணினித் திரையில் 'காணோம்' என்று பார்த்ததை, அவர் பெயர் தாங்கிய உருமாற்றத்துக்கு 'இல்லவே இல்லை' என்று நிரூபித்தாகிவிட்டது. ஹெனான் 2013ல் காலமானார். (பின்னோக்கி ஓட்ட முடியாத உருமாற்றங்களை அனுமதித்தால் கதை மாறும். அங்கே இரண்டு மாறி செபிஷெவ்கள் உண்டு.)

ஒரு கிளைக்கதை. இந்த 'அடிவானம்' விஷயத்தில் நம்மூர்க்காரர் ஒருவர் முக்கியமானவர். சி.பி.ராமானுஜம், 1938ல் சென்னையில் பிறந்தவர். (கும்பகோணத்து ராமானுஜன் இல்லை, இவர் வேறு!) டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தவர். சுருங்கத்தக்க ஒரு பரப்பின் அடிவானம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்து, அது சாதாரணக் கலப்பெண் தளம்தானா இல்லை வேறு ஏதாவதா என்று எப்படிச் சொல்வது என 1971ல் காட்டினார். தளத்தை அதன் விளிம்பிலிருந்து புரிந்துகொள்ளும் வழியில் அது ஒரு மைல்கல். 1974ல், 36 வயதில் இறந்துபோனார். அவரைப் பற்றித் தமிழில் எவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறோம்!

கூட்டாளிக் கேள்வி பல்லுறுப்புக்கோவையோடு முடியவில்லை. 1998ல் ஸ்டீபன் ஸ்மேல் அடுத்த நூற்றாண்டுக்கென்று 18 கணக்குகள் பட்டியல் போட்டார். அதில் 12வது: மென்மையான, பின்னோக்கியும் ஓடும் உருமாற்றம் எதை எடுத்தாலும், அதற்கு வெகு பக்கத்திலேயே தன்னைத் தவிரக் கூட்டாளியே இல்லாத ஒன்றைக் கண்டுபிடிக்க முடியுமா? 'பக்கம்' என்பதை மிகத் தளர்வாக அளந்தால் முடியும் என்று பொனாட்டி, குரோவிசியே, வில்கின்சன் மூவரும் 2009ல் காட்டினார்கள். அதைவிடக் கறாராக அளந்தால் பொதுவான விடை இன்னும் வரவில்லை.

மூன்று மாறிகளுக்குப் போனால் நிலைமை மோசம். பீசி 2008ல் மூன்றும் அதற்கு மேலும் உள்ள மாறிகளுக்குத் தன் வழியைக் கொஞ்ச தூரம் கொண்டுபோனார். ஆனால் அங்கே யுங்கின் இரண்டெழுத்து அகராதி போதாது. 1972ல் நகாட்டா என்ற ஜப்பானியர் மூன்று மாறிகளில் ஓர் ஆட்டோமார்ஃபிசத்தை எழுதி, இதைச் சரிப்புகளாலும் நேரியல் வகையாலும் கோத்து எழுத முடியாது என்று நினைக்கிறேன் என்றார். அவர் ஊகம் சரிதான் என்று ஷெஸ்தகோவும் உமிர்பாயெவும் 2004ல் நிரூபித்தார்கள், பீசியின் முதல் கட்டுரை வந்த அதே வருடம். எழுத்துகள் என்னென்ன என்றே முழுசாகத் தெரியாத மொழியில் 'கல', 'பட' என்று ஒட்டிப் பார்ப்பது எப்படி? மூன்று மாறிகளில் யாருக்கு யார் கூட்டாளி என்ற முழுப் பட்டியல் இன்னும் யார் கையிலும் இல்லை.